கைத்துப்பாக்கியும் கானகமும்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் நம்மிடம் வந்தனர். அமெரிக்காவில் பணிபுரியும் மகனுடன் மூன்று திங்கள் தங்கிவிட்டு அண்மையில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். கோடை விடுமுறையில் மகன் அவர்களை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். நிலத்தின் அடியிலிருந்து பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றுகளையும், மந்தை மந்தையாகச் சாலையை மறித்து நிற்கும் காட்டெருமைகளையும் பற்றி அந்தப் பெரியவர் சிறுபிள்ளையைப்போல் விவரித்தார். ஆனால் அவர் மனைவியின் நினைவில் நின்றது வேறொரு காட்சி.

கார்கள் நிற்கும் திடலில் ஒரு மனிதர், இரு குழந்தைகளோடும் மனைவியோடும் வந்துகொண்டிருந்தாராம். அவர் இடுப்பு வாரில், தோலுறைக்குள், எல்லாரும் காணும்படி ஒரு கைத்துப்பாக்கி. காவல்துறைச் சீருடை ஏதும் அவர் அணிந்திருக்கவில்லை. அந்த அம்மையார் பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். சுற்றியிருந்தோர் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மனிதரோ புன்னகையோடு அருகே வந்து, "உங்கள் குடும்பம் முழுவதையும் சேர்த்து நான் ஒரு படம் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டு, எடுத்தும் கொடுத்தாராம். "நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் எனக்கு நினைவில்லை. நான் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் அந்த அம்மையார்.

அன்றிரவு விடுதியில் மகன் தந்தையிடம் கேட்டிருக்கிறார்: "அப்பா, அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாமென்று இருக்கிறேன். நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?" தந்தைக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "சட்டமும் எனக்குத் தெரியாது, அந்த நாட்டு வழக்கமும் தெரியாது. நீங்கள் எழுதுங்கள், அதை அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பல. ஆகவே இம்மாதம் இந்தப் பொருளையே எடுத்துக்கொள்கிறோம்.

பூங்கா பிறந்த கதை

யெல்லோஸ்டோன், 1872 மார்ச் 1ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிரான்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் உருவானது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படுவது. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பூங்கா என்று பெயரிட்டதனால் மட்டும் விலங்குகள் பிழைத்துவிடவில்லை. துப்பாக்கியோடு புகுந்த திருட்டு வேட்டைக்காரர்கள் தோலுக்காகவும் தலைக்காகவும் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளினர். 1886இல் இராணுவமே வந்து காவல் காக்க வேண்டியதாயிற்று; 1918 வரை அக்காவல் நீடித்தது. 1894இல் ஒரு திருட்டு வேட்டைக்காரன் கையும் களவுமாகப் பிடிபட்டபோது, அவனைத் தண்டிக்கத் தக்க சட்டம்கூட இல்லை. அதன் பின்னரே அவ்வாண்டு மே திங்களில் பூங்கா விலங்குகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1902ஆம் ஆண்டளவில் அங்கே எஞ்சியிருந்த காட்டெருமைகள் ஏறக்குறைய இரண்டு டஜன் மட்டுமே.

எனவே பூங்காக்களில் துப்பாக்கிக்குத் தடை வந்தது மனிதரைக் காப்பதற்கென்பதைவிட விலங்குகளைக் காப்பதற்கே என்பது தெளிவு. 1936இல் இதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 1983இல் அவை சற்றே தளர்ந்தன: துப்பாக்கியைக் கொண்டுவரலாம், ஆனால் தோட்டாக்களை நீக்கி, உறையிலிட்டுக் கட்டி, எளிதில் எடுக்க இயலாதவாறு காரில் வைத்திருக்க வேண்டும். கால் நூற்றாண்டுக் காலம் இந்த ஏற்பாடே நிலவியது.

2008ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய அரசு இவ்விதியை மாற்ற முற்பட்டது. 2009 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் மே திங்களில், கடன் அட்டை பெற்றோரின் நலன் காக்கும் சட்டமொன்றில், பூங்காத் துப்பாக்கி பற்றிய ஒரு பிரிவை மேலவை உறுப்பினர் டாம் கோபர்ன் இணைத்துவிட்டார். மேலவையில் 67க்கு 29 என்ற கணக்கிலும், கீழவையில் 279க்கு 147 என்ற கணக்கிலும் அது நிறைவேறியது. கடன் அட்டைச் சட்டத்தை விரும்பிய தலைவர் ஒபாமா, இப்பிரிவையும் சேர்த்தே 2009 மே 22இல் கையொப்பமிட்டார். 2010 பெப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. பூங்காக் காவலர் சங்கத்தினர் இதை எதிர்த்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சட்டம் சொல்வது யாது?

பூங்காவுக்கெனத் தனியான துப்பாக்கி உரிமை ஏதும் இல்லை. பூங்கா எந்த மாநிலத்தில் உள்ளதோ, அம்மாநிலச் சட்டமே அங்கும் செல்லும். யெல்லோஸ்டோனின் மிகப் பெரும்பகுதி வயோமிங்கிலும், சிறு பகுதிகள் மான்டானாவிலும் ஐடஹோவிலும் உள்ளன. இம்மூன்று மாநிலங்களும் துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கிச் செல்ல உரிமம் கேட்பதில்லை. ஆகவே நம் தம்பதியர் கண்ட மனிதர் சட்டத்தை மீறியவர் அல்லர்.

ஆனால் அந்த மனிதரும் அத்துப்பாக்கியோடு எங்கும் நுழைந்துவிட முடியாது. கூட்டரசின் ஊழியர் பணிபுரியும் கட்டடங்களுள், அதாவது பார்வையாளர் மையம், காவலர் நிலையம், அருங்காட்சியகம் போன்றவற்றுள், துப்பாக்கிக்குத் தடை உண்டு. வாயிலிலேயே அறிவிப்பு எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் வேட்டைக்கும் தடை; துப்பாக்கியை வைத்திருக்கலாமேயன்றிச் சுடக்கூடாது. வாங்கலாம், அணியலாம், சுமக்கலாம். பயன்படுத்தினால் காவலர் வந்து விசாரிப்பார். இந்த நிலைமையைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பயணம் என்று வரும்போது சிக்கல் இன்னும் பெருகுகிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரியானது, எல்லைக் கோட்டைக் கடந்தவுடன் குற்றமாகிவிடலாம். திரைப்படங்களில் காணும் பழைய மேற்கு நாட்டில் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தனர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம், ஊருக்குள் ஆயுதம் தாங்கித் திரிவதை 1881இல் தடை செய்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26இல் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு அந்தத் தடையும் ஒரு காரணம். வீரத்திற்குப் பெயர்போன டெக்சாஸ்கூட, கைத்துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கிச் செல்வதை உரிமத்தோடு அனுமதித்தது 2016 சனவரியில்தான். உரிமமின்றி அனுமதித்தது 2021 செப்டம்பரில்தான். கலிபோர்னியாவோ 1967லேயே தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களில் சுமப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தது.

மாநிலங்களைக் கடந்து செல்வோருக்கென 1986இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உடையவர், இடையிலுள்ள மாநிலங்களின் வழியே அதைக் கொண்டுசெல்லலாம். ஆனால் தோட்டாக்களை நீக்கி, கைக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். காரில் தனியான பின்பெட்டி இல்லையேல், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். முன்னிருக்கை அருகேயுள்ள சிறு அறை அதற்குப் போதாது. விமானத்தில் செல்வோர் அறிவித்துவிட்டு, தோட்டா நீக்கிய நிலையில், பூட்டிய கெட்டியான பெட்டியில், சரக்குப் பகுதியில் அனுப்பலாம். ஆயினும் மறதியாலோ அசட்டையாலோ கைப்பையில் வைத்து வருவோர் ஏராளம். 2023ஆம் ஆண்டில் மட்டும் விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. இடுப்பில் இருப்பதையே மறந்துபோகும் அளவுக்கு அது பழகிவிடுகிறது என்பதே இதன் பொருள். இன்னும், வடக்கே கனடாவுக்குள் நுழைவோர், தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கொண்டுவர அந்நாடு இடந்தருவதில்லை.

நம் மகனைப் போன்றோர் முதலில் அறிய வேண்டியது வேறொன்று. பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ தங்கியிருப்போர், சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோர் ஆகியோர், வேட்டை உரிமம் பெற்றோர் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி பெருங்குற்றம். நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. அண்டை வீட்டு நண்பர் வைத்திருக்கிறாரே என்று நாமும் வாங்கினால், வாழ்வே குலைந்துபோகக் கூடும்.

கரடியின் முன்னால்

சட்டம் இடந்தந்தால் வாங்கிவிடலாமா? காட்டிலே கரடி உண்டே என்பர். உண்மைதான். ஆனால் யெல்லோஸ்டோன் பூங்கா வெளியிட்டுள்ள கணக்கைப் பாருங்கள். 1872 முதல் அங்கே கரடியால் இறந்தோர் 8 பேர். நீரில் மூழ்கி இறந்தோர் 100க்கும் மேற்பட்டோர். வெந்நீர் ஊற்றில் விழுந்து வெந்து மாண்டோர் இருபதுக்கும் மேற்பட்டோர். குழந்தையின் கையை விட்டுவிடுவதே கரடியைவிடப் பேராபத்து என்று இக்கணக்கு நமக்குச் சொல்கிறது.

கரடி பாய்ந்தால் துப்பாக்கி உதவுமா என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அலாஸ்காவில் மிளகாய்க் காரத் தெளிப்பானை மக்கள் பயன்படுத்திய 83 நிகழ்ச்சிகளை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ முதலியோர் ஆராய்ந்து 2008இல் எழுதினர். பழுப்புக் கரடிகளைப் பொறுத்தவரை நூற்றுக்கு 92 முறை அது கரடியை நிறுத்தியது. தெளிப்பான் வைத்திருந்தோருள் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பினர். அதே அறிஞர் குழுவினர் 2012இல், துப்பாக்கி இருந்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தனர். துப்பாக்கியைப் பயன்படுத்தியவருக்கும் பயன்படுத்தாதவருக்கும் காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர். இரு ஆய்வுகளிலும் சூழ்நிலைகள் வேறானவை. எனவே எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆயினும் ஒன்று விளங்குகிறது. குதிரை வேகத்தில் பாய்ந்துவரும் விலங்கைக் குறிபார்த்து நிறுத்துவது, பல்லாண்டு பயின்றவருக்கும் அரிய செயல்.

2010 மே திங்களில், புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்றே மாதங்களில், அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் இருவர் நடந்து சென்றபோது புதரிலிருந்து கரடி பாய்ந்தது. அவர்களுள் ஆடவர் தம் கைத்துப்பாக்கியால் ஒன்பது முறை சுட்டார். இருவரும் தப்பினர்; கரடி இறந்தது. அங்கே துப்பாக்கி இருந்ததனால் உயிர் பிழைத்தார்கள் என்று ஒரு சாராரும், தெளிப்பான் இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருக்கலாம் என்று மறு சாராரும் கூறுவர். நாம் அங்கே இருந்தவர் அல்லர். அவரைக் குறைகூற நமக்குத் துணிவில்லை.

மனிதனின் முன்னால்

துப்பாக்கி தாங்குவோரின் வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். பூங்காக்கள் பரந்தவை, காவலர் சிலரே, தொலைபேசி இயங்காத இடங்கள் பல. தீயவன் வந்தால் உதவி வந்துசேர மணிக்கணக்காகும். மாநிலச் சாலையில் குற்றமற்றவனாக வந்தவன், பூங்காவின் எல்லையைத் தாண்டியதும் குற்றவாளியாவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். 1791இல் தம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தை அவர்கள் மூதாதையர் தந்த உடைமையாகக் கருதுகின்றனர். 2008இலும் 2022இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் அவ்வுரிமையை வலுப்படுத்தின. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எழுத்துமூல அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்தினுள் நுழைவதையே தடுக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நம் கண்ணுக்கு வியப்பாய்த் தோன்றுவது, அவர்கள் கண்ணுக்கு இயல்பாய்த் தோன்றுகிறது. அம்மனிதர் படம் எடுத்துக் கொடுத்த அன்பு பொய்யன்று.

ஆயினும் காட்டின் அமைதி குலைந்த நாள்களும் உண்டு. 2012 புத்தாண்டு நாளில், வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைப் பூங்காவில், காரை மறித்த பெண் காவலர் ஒருவரை, வேறோர் இடத்தில் சுட்டுவிட்டுத் தப்பி வந்தவன் கொன்றான். இரு பச்சிளம் பெண் குழந்தைகள் தாயை இழந்தனர். 2024 ஜூலை 4இல் யெல்லோஸ்டோனிலேயே, பலர் கூடியிருந்த உணவகத்தை நோக்கி ஒருவன் சுட்டான். காவலர்கள் அவனை எதிர்கொண்டனர். அவர்களுள் ஒருவர் காயமுற்றார், அவன் இறந்தான். இத்தகைய வேளையில் சுற்றியுள்ளோர் பலரின் கையில் துப்பாக்கி இருந்தால், எவன் கொலைஞன், எவர் காக்க வந்தவர் என்று காவலர் எங்ஙனம் அறிவர்?

இன்னும் ஒரு நிகழ்ச்சியை எழுதாமல் விட முடியவில்லை. 2013 செப்டம்பரில், யெல்லோஸ்டோனின் முகாம் ஒன்றில், பெற்றோரோடு தங்கியிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தை, தந்தையின் கைத்துப்பாக்கி வெடித்து இறந்தது. அதைச் சுட்டது அக்குழந்தையின் கையேதான். அங்கே கரடி இல்லை, கள்வன் இல்லை. குடும்பத்தைக் காப்பதற்கென்று கொண்டுவந்த பொருள் மட்டுமே இருந்தது. அந்தப் பெற்றோரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் நாம் சொல்லோம். அவர்களுக்காக மன்றாடுவோம்.

நம் மகனுக்கு

தாக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் திருச்சபை மறுப்பதில்லை. தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் வன்மை கூடாது என்று புனித தோமா அக்குவினார் அன்றே வரையறுத்தார். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்ற தந்தைக்கு அவ்வுரிமை கடமையாகவும் ஆகலாம். அதே வேளையில், துப்பாக்கிகளின் விற்பனையையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்த வேண்டுமென அமெரிக்க ஆயர்கள் 2000ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டனர். எனவே துப்பாக்கி வைத்திருப்பதே பாவம் என்று நாம் எழுதவில்லை. அது இக்குடும்பத்திற்குத் தேவையா, அதனால் நன்மை மிகுமா தீமை மிகுமா என்பதே கேள்வி.

தம்பி, நீங்கள் ஒரு வாரப் பயணத்திற்காக அதை வாங்க எண்ணுகிறீர்கள். ஆண்டின் மற்ற ஐம்பத்தொரு வாரமும் அது எங்கே இருக்கும்? உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடும் அறைகளுக்கு நடுவே இருக்கும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பணிச்சுமையும் தனிமையும் மிகுந்த அயல்நாட்டு வாழ்வில், மனம் தளரும் ஓர் இரவு எந்த வீட்டிற்கும் வரலாம். அவ்விரவில் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது காட்டிலுள்ள கரடியைவிடப் பெரிய செய்தி. இதனால் எங்கள் கருத்து, வாங்க வேண்டாம் என்பதே.

கூடாரப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. கரடி விரட்டும் தெளிப்பானை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் அதைக் கொண்டுசெல்ல இயலாது. இடுப்பில் தொங்கவிடுங்கள், பையின் அடியில் புதைக்காதீர்கள். பயன்படுத்தும் முறையைக் காவலரிடம் கேட்டறியுங்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டி போன்ற பூங்காக்களில் அத்தெளிப்பானுக்கே தடை உண்டு. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் விதியைக் கேளுங்கள். மூவருக்குக் குறையாமல் சேர்ந்து, பேசிக்கொண்டே நடந்து செல்லுங்கள். உணவைக் கூடாரத்தினுள் வைக்காமல், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கரடிக்கும் ஓநாய்க்கும் மலைச் சிங்கத்துக்கும் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர் விலகி நில்லுங்கள். வெந்நீர் ஊற்றருகே பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோருக்கும் ஒரு சொல். இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவரைக் கண்டால் அஞ்சி அலறவோ விரல்நீட்டிக் காட்டவோ வேண்டாம். உறையில் இருக்கும்வரை அது அந்நாட்டு வழக்கம். கையில் எடுத்துவிட்டாலோ, பேச்சில் சினம் தெரிந்தாலோ, வாதாடாமல் குடும்பத்தோடு விலகிச் சென்று காவலரிடம் சொல்லுங்கள்.

அந்த மனிதர் எடுத்த படத்தை அந்த அம்மையார் நம்மிடம் காட்டினார். பின்னணியில் வெண்ணிற நீராவி வானளாவ எழுகிறது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அம்மையார் மட்டும் சற்றுக் கீழே பார்க்கிறார். அடுத்த முறை அவர் அந்த ஊற்றைப் பார்க்கட்டும். அதற்காகவேனும், தம் மகன் இடுப்பிலும் அப்படியொன்று தொங்குவதைக் காணும் நிலை அவருக்கு வராதிருக்கட்டும்.